ஒழுங்கு மாறும் நாளில் தயாராக இருப்பவர் யார்?

முதலாளித்துவத்துக்குப் பின் என்ன என்ற வினா ஒரு காலத்தில் இடதுசாரி மேடைகளில் மாத்திரமே ஒலித்து வந்தது. பின்னர் அது முகாமைத்துவத் துறையினரின் கவனத்தையும் ஈர்த்தது. பெருங்கம்பனிகளுக்கு ஆலோசகராக விளங்கிய பீற்றர் டிரக்கர், 1993 ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலுக்கு 'முதலாளித்துவத்துக்குப் பிந்திய சமுதாயம்' என்றே பெயரிட்டார். 2008 ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடியும், 2022 ஆம் ஆண்டில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த முடியாதென அறிவித்தமையும் அந்த வினாவைச் சாதாரண குடும்பங்களின் அடுப்பங்கரை வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டன.

அத்தகையதொரு காலம் வருமா, வருமாயின் எப்போது வரும் என்று ஆரூடம் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வாறு கூறியவர்கள் பலர் பொய்த்துப் போயினர். ஆனால், ஒரு பொருளாதார ஒழுங்கு முடிந்து மற்றொன்று தொடங்கும் வேளையில் யார் பயனடைகின்றனர், யார் விலை செலுத்துகின்றனர் என்பதற்கு வரலாற்றில் விடை உண்டு. அந்த விடையைத் தேடத் தூர தேசம் செல்ல வேண்டியதில்லை. கண்டி நகரையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் பார்த்தாலே போதுமானது.

கண்டி இராச்சியம் 1815 இல் வீழ்ந்தபோது அங்கு நிலவிய ஒழுங்கு இராஜகாரியம் ஆகும். நிலத்தை அனுபவித்தவர்கள் அதற்கு ஈடாக மன்னனுக்கும் பிரதானிகளுக்கும் சேவை செய்யக் கடமைப்பட்டிருந்தனர். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதந்துரையை அடுத்து 1832 இல் இம்முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பிலிருந்து விடுதலை கிடைத்தது உண்மையே. ஆயினும் எட்டு ஆண்டுகள் கழித்து, 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காடுகளும் சேனை நிலங்களும் முடிக்குரியனவாகக் கொள்ளப்பட்டன. கிராமத்தவரிடம் தலைமுறை தலைமுறையான வழக்கம் இருந்தது, பத்திரம் இருக்கவில்லை. கோப்பித் தோட்டம் அமைக்க வந்தவர்களிடமோ பணம், வங்கி, சட்டத்தரணி, அரசாங்கத்தில் செல்வாக்கு ஆகிய அனைத்தும் இருந்தன. ஒழுங்கு மாறிய நாளில் தயாராக இருந்தவர்கள் அவர்களே.

கோப்பியின் ஆட்சியும் நிலைக்கவில்லை. 1869 இல் கோப்பி இலைகளில் தென்பட்ட பங்கசு நோய் இரு தசாப்தங்களுக்குள் அத்தொழிலையே அழித்தது. கோப்பிக்குக் கடன் வழங்கி வந்த ஓரியண்டல் வங்கி 1884 இல் மூடப்பட்டது. சிறு தோட்ட உரிமையாளர்கள் நொடித்தனர். வீட்டுத் தோட்டத்தில் கோப்பி பயிரிட்ட சிங்களக் கிராமத்தவர்கள் கைக்காசை இழந்தனர். தென்னிந்தியாவிலிருந்து வந்திருந்த தொழிலாளருக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை என்றாயிற்று. கண்டிக்கு அண்மித்த லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இலேயே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தமையால் மாற்றுப் பயிர் கைவசம் இருந்தது. எனினும் தேயிலைக்குத் தொழிற்சாலையும் இயந்திரமும் பெருமூலதனமும் தேவைப்பட்டன. எனவே தனி உரிமையாளரின் இடத்தை இலண்டன் கம்பனிகளும் கொழும்பு முகவர் நிலையங்களும் பிடித்துக்கொண்டன. தொழிலாளியோ, பெற்ற கடனைத் தோட்டம் விட்டுத் தோட்டம் சுமந்து சென்ற துண்டு முறைக்குள் 1921 வரை கட்டுண்டு கிடந்தார்.

மூன்றாவது மாற்றம் எமது தலைமுறையினர் பலரின் நினைவில் உள்ளது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கான உச்சவரம்பை 50 ஏக்கராக்கியது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. ஏட்டளவில் நோக்கின், முதலாளித்துவ உடைமை மலைநாட்டில் முடிவுக்கு வந்த தருணம் அது. ஆனால் அத்தோட்டங்களை உருவாக்கிய தொழிலாளருள் பெரும்பாலானோர் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்தனர். கூட்டுறவு என்ற சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய 'உசவசம' போன்ற சபைகளிலும் கூட, தீர்மானம் எடுக்கும் ஆசனம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. உடைமை மாறியது; உழைத்தவரின் நிலை மாறவில்லை, பல இடங்களில் மேலும் தாழ்ந்தது.

அரச நிருவாகத்தின் நட்டங்களைக் காரணங்காட்டி 1992 இல் தோட்ட முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் அது அவ்வாண்டிலிருந்து கணிக்கப்படும் 53 வருடக் குத்தகையாக மாற்றப்பட்டது. அக்குத்தகைகள் 2045 ஆம் ஆண்டில் முடிவடைய உள்ளன. இத்திகதியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முதலாளித்துவம் முடிவடையும் நாளை எவரும் அறியார். ஆனால் மலைநாட்டின் பெருந்தோட்ட நிலங்கள் யாருடைய கையில் இருக்க வேண்டும் என்ற வினா மறுபடியும் எழும் ஆண்டு சட்டப் பத்திரங்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளே எஞ்சியுள்ளன.

இம்மாற்றங்கள் தரும் பாடம் ஒன்றே. பழைய ஒழுங்கு முடிவடைவதனால் மட்டும் நீதி பிறந்துவிடுவதில்லை. அந்த நாளில் எந்த அமைப்புகள் கணக்கறிந்து, சட்டமறிந்து, தொழிலறிந்து நிற்கின்றனவோ அவற்றின் கைக்கே புதிய ஒழுங்கு செல்கிறது. ஆகவே ஆயத்தம் என்பது சொத்தைப் பெறுவதற்கு முன்பே அதை ஆளும் ஆற்றலைப் பெறுவதாகும்.

சொத்து இருந்தும் ஆளும் ஆற்றல் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு எமது கையிலேயே ஓர் உதாரணம் உண்டு. டிரக்கர் தமது நூலில் சுட்டிக்காட்டிய விடயங்களுள் ஒன்று, வளர்ந்த நாடுகளில் ஓய்வூதிய நிதியங்களின் வாயிலாகத் தொழிலாளரே மூலதனத்தின் பெரும் உடைமையாளராகி வருகின்றனர் என்பதாகும். இலங்கையில் 1958 இல் ஆரம்பிக்கப்பட்ட ஊழியர் சேமலாப நிதி அத்தகையது. தொழிலாளியின் 8 வீதமும் தொழில் வழங்குநரின் 12 வீதமும் சேர்ந்து, அது நாட்டின் மிகப் பெரிய சேமிப்பு நிதியமாக வளர்ந்துள்ளது. கண்டியின் கடைச் சிப்பந்தியும், தெல்தோட்டையின் கொழுந்து பறிக்கும் பெண்ணும் இவ்வகையில் 'மூலதனத்துக்குச் சொந்தக்காரர்' ஆவர். ஆனால் 2023 ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது, அந்நிதி வைத்திருந்த திறைசேரி முறிகள் தொடக்கத்தில் 12 வீதமும் பின்னர் 9 வீதமும் வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. உடன்படாவிடின் நிதியின் வருமானம் மீதான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்பதே முன்வைக்கப்பட்ட மாற்றுவழி. அங்கத்தவர் எவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தாலும் எத்தனை பேரால் விடையளித்திருக்க முடியும் என்பதும் சிந்திக்க வேண்டியதே.

தமிழ்த் தொழிலாளரைக் கொண்ட மற்றொரு தேயிலைப் பிரதேசமும் இதனையே உணர்த்துகிறது. கேரளத்தின் மூணாறில் டாட்டா நிறுவனம் 2005 இல் தோட்ட நடவடிக்கைகளிலிருந்து விலகியபோது, கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பனி உருவாக்கப்பட்டது. அதன் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களுக்கே வழங்கப்பட்டன. உலகமே உற்றுநோக்கிய முயற்சி அது. ஆனால் 2015 செப்டெம்பரில் அக்கம்பனியின் பங்குதாரர்களான தமிழ்ப் பெண் தொழிலாளர்களே ஆயிரக்கணக்கில் வீதியில் இறங்கினர். போனஸ் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். தம்மைப் பிரதிநிதித்துவப்படுத்திய தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் அவர்கள் போராடினர். பங்குப் பத்திரம் பெட்டியில் இருந்தது. இலாபம் எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பதை வினவும் வாய்ப்பு அன்றாட வாழ்வில் இருக்கவில்லை. உடைமையாளரே உடைமைக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தமைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இதற்கு மாறான வழியில் சென்றது ஸ்பெயினின் பாஸ்க் பிரதேசத்து மொன்ட்ரகோன். அங்கு முதலாவது தொழிலாளர் கூட்டுறவுத் தொழிற்சாலை 1956 இல் ஆரம்பமாயிற்று. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1943 இல், அவ்வூர் மதகுருவான அரிஸ்மென்டியரியேத்தா அங்கு ஒரு தொழிற்கல்விப் பாடசாலையை நிறுவியிருந்தார். முதலில் பாடசாலை, பின்னர் தொழிற்சாலை, அதன் பின்னர் 1959 இல் தமக்கெனச் சொந்த வங்கி என்பதே அங்கு பின்பற்றப்பட்ட ஒழுங்கு. அக்கூட்டமைப்பின் பெரும் நிறுவனங்களுள் ஒன்றான பாகோர் 2013 இல் வீழ்ந்தது. அவ்வேளையில் வேலையிழந்த அங்கத்தவர் பலரைச் சகோதரக் கூட்டுறவுகள் தம்முள் ஏற்றுக்கொண்டன. வீழ்ச்சியே வராது என்பதல்ல கூட்டுறவின் சிறப்பு. வீழ்பவரைத் தாங்கும் கைகளை முன்கூட்டியே அமைத்து வைப்பதே அதன் சிறப்பு.

கண்டிக்கும் இத்தகைய மரபு புதியதன்று. இலங்கையின் கூட்டுறவு வரலாற்றில் முதலாவது எனக் கூறப்படும் கடன் சங்கம் 1906 இல் தும்பறைப் பிரதேசத்தின் தெல்தெனியவில் தோன்றியது. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டமே அதற்கு ஐந்து வருடங்கள் பிந்தி 1911 இல்தான் வந்தது. வட்டிக்கடைக்காரனிடம் நிலத்தை இழந்து வந்த விவசாயிகள், சட்டம் வரும்வரை காத்திராது ஒருவருக்கொருவர் பிணை நின்றனர். பிற்காலத்தில் இவ்வியக்கம் அரசியலின் கைக்குள் அகப்பட்டது. 1971 ஆம் ஆண்டின் மறுசீரமைப்பில் ஆயிரக்கணக்கான சிறு சங்கங்கள் சில நூறு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக இணைக்கப்பட்டன. அங்கத்தவர் ஒருவரையொருவர் அறிந்திருந்த அமைப்பு, பங்கீட்டுப் பொருள் வழங்கும் அரசின் கிளையைப் போலாயிற்று. 1978 இல் பி. ஏ. கிரிவந்தெனியவின் தலைமையில் சணச இயக்கம் கடன் சங்கங்களுக்குப் புத்துயிரளித்து, 1997 இல் வங்கி ஒன்றை நிறுவும் அளவுக்கு வளர்ந்தமை, அம்மரபு முற்றாக மடிந்துவிடவில்லை என்பதற்குச் சான்றாகும்.

அதே தெல்தெனியவும் திகனையும் 2018 மார்ச் மாதத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட இடங்களாகச் செய்திகளில் இடம்பெற்றன. நாடளாவிய ரீதியில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கூட்டுறவு என்பது நம்பிக்கையின் மறுபெயர். அந்த நம்பிக்கை ஒரே இனத்துக்குள், ஒரே ஜமாஅத்துக்குள், ஒரே தோட்டத்துக்குள் சுருங்குமாயின், நெருக்கடி வரும்போது அது அரணாக அமையாது. பிரிவினையின் வேலியாகவே அமையும். 2022 இல் விலைவாசி உயர்ந்து மக்கள் திண்டாடியபோது எரிபொருள் வரிசைக்கு இனமும் மதமும் இருக்கவில்லை என்பதை நாம் விரைவில் மறந்துவிட்டோம்.

முஸ்லிம் வாசகர்களுக்கு இவ்விடயத்தில் தனியானதொரு மரபுச் செல்வம் உண்டு. வக்பு செய்யப்பட்ட சொத்து இறைவனுக்கென ஒதுக்கப்பட்டது. அதை விற்க இயலாது. வாரிசுகள் பங்கிடவும் இயலாது. அதன் பயன் மட்டுமே மக்களுக்குரியது. தனிமனித உடைமை, அரச உடைமை ஆகிய இரண்டுக்கும் அப்பாற்பட்ட மூன்றாவது வகை உடைமை இது. கண்டியின் விகாரை, தேவாலய நிலங்களும் ஏறக்குறைய இத்தன்மையனவே. 1956 ஆம் ஆண்டின் வக்புச் சட்டம் நம்பிக்கையாளர்களின் பொறுப்புகளை வகுத்துள்ளது. முளாரபா முறையில் ஒருவர் பணத்தையும் மற்றவர் உழைப்பையும் இடுகின்றனர். இலாபத்தை முன்னரே இணங்கிய விகிதப்படி பகிர்கின்றனர். பண நட்டத்தைப் பணம் இட்டவர் ஏற்கிறார். ஆயினும் நடைமுறையில், இஸ்லாமிய நிதி நிறுவனங்கள் பலவும் பொருளை வாங்கி இலாபம் வைத்துத் தவணைக்கு விற்கும் முராபஹாவையே பெரிதும் நாடுகின்றன என்பது அத்துறை அறிஞர்களின் நீண்டகால விமர்சனமாகும். நட்டத்தில் பங்கேற்கும் துணிவு, கணக்குகள் திறந்திருக்கும் இடத்திலேயே பிறக்கும்.

அவ்வாறாயின் எமது அமைப்புகள் இன்று செய்யக்கூடியவை எவை?

முதலாவது, கணக்கை அங்கத்தவருக்கு விளங்கும் மொழியில் வைத்தல். மரண உதவிச் சங்கம் தொடக்கம் கூட்டுறவுச் சங்கம் வரை, வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கப்படுவதும் 'ஏற்றுக்கொள்ளப்படுவதும்' சடங்காகிவிட்டன. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, ஒதுக்கம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு கடன் நிலுவை என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் எழுதி ஒட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அதனை வினவத் தெரிந்த அங்கத்தவர் ஐம்பது பேர் இருக்கும் சங்கத்தை எந்த அரசியல்வாதியும் எளிதில் விழுங்க முடியாது.

இரண்டாவது, பங்கிட முடியாத ஒதுக்கம் ஒன்றைக் கட்டியெழுப்புதல். நல்ல வருடத்தின் மீதியை முழுமையாகப் பங்கிட்டு உண்பவர்கள் கெட்ட வருடத்தில் வட்டிக்கடையை நாடுவர். வக்பின் தத்துவம் இங்கு அனைவருக்கும் பொருந்தும். இன்று சேமிக்கப்படுவது இன்றைய அங்கத்தவருக்கு மட்டும் உரியதன்று. நாளை சேர இருப்பவருக்கும் அதில் உரிமையுண்டு.

மூன்றாவது, தொழில் நுணுக்கத்தைக் கற்றல். நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியை இன்று சிற்றுடைமையாளரே உற்பத்தி செய்கின்றனர். விற்பனை விலையில் 68 வீதம் கொழுந்து வழங்குபவருக்கும் 32 வீதம் தொழிற்சாலைக்கும் செல்ல வேண்டும் என்ற பங்கீட்டு விதி அவர்களுக்கு உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு அவ்வாறன்று. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்படுவதற்கு நடைபெற்ற போராட்டங்களை நாம் அறிவோம். சம்பளத்துக்குப் பதிலாகத் தேயிலைச் செடிகளைத் தொழிலாளரிடம் ஒப்படைத்துக் கொழுந்தை விலைக்கு வாங்கும் திட்டத்தைக் கம்பனிகள் சில காலமாக முன்வைத்து வருகின்றன. எழுத்து மூலமான நிலவுரிமையும் விலைச் சூத்திர அறிவும் இன்றி இதனை ஏற்பவர் நட்டத்தை மாத்திரமே பொறுப்பேற்பார். அவையிரண்டும் இருப்பின் அது உடைமையின் முதற்படியாகவும் அமையலாம். ஆகவே தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையுடன் நின்றுவிடாது, கொழும்புத் தேயிலை ஏலம் எவ்வாறு நடைபெறுகிறது, ஒரு கிலோ தேயிலையின் உற்பத்திச் செலவு எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பவற்றை இளைஞருக்குக் கற்பிக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகம் அருகிலேயே உள்ளது. விவசாயமும் பொருளியலும் கற்று வெளியேறும் மலையக, முஸ்லிம் பட்டதாரிகளும் உள்ளனர். இவர்களைச் சங்கங்களின் வாசலுக்கு அழைப்பதே இன்றைய தேவையாகும்.

நான்காவது, தீர்மானிக்கும் மேசையில் உழைப்பவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இடமளித்தல். கொழுந்து பறிப்பவர் பெண்கள். சங்கத் தலைவர் ஆண்கள் என்ற நிலை தொடருமாயின் மூணாறின் அனுபவம் இங்கும் நிகழும். பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலய சபைகளும் வணிகர் சங்கங்களும் இவ்விடயத்தில் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டியுள்ளது.

ஐந்தாவது, அமைப்புகளுக்கிடையே பாலம் அமைத்தல். அக்குறணையின் வணிகர், நாவலப்பிட்டியின் தோட்டக் குடும்பம், தும்பறையின் மரக்கறிச் செய்கையாளர் ஆகிய மூவரும் ஒரே சந்தையில் வாங்கி விற்பவர்கள். மூவரின் சங்கங்களும் தத்தமது ஒதுக்கத்தில் ஒரு சிறு பங்கைப் பொது நிதியாக வைத்து, வெள்ளமோ மண்சரிவோ விலை வீழ்ச்சியோ வரும்போது எவருக்கு இடர் நேர்ந்ததோ அவருக்கு உதவுவதாக இணங்கினால், 2018 இல் சிதைந்தது ஓரளவேனும் மீளக் கட்டியெழுப்பப்படும்.

இவையாவும் வெறும் கனவு என்று சிலர் கூறக்கூடும். கூட்டுறவுச் சங்கங்களில் நடைபெற்ற மோசடிகளையும், 1992 இன் பின்னரும் அரசின் கையில் எஞ்சிய தோட்டங்கள் தொழிலாளரின் சேமலாப நிதிப் பணத்தையே நிலுவை வைத்தமையையும் அவர்கள் சுட்டிக்காட்டுவர். அக்குற்றச்சாட்டுகளில் நியாயம் உண்டு. ஆயினும் அவ்வமைப்புகள் பொதுச் சொத்தாக இருந்தமையினால் வீழ்ந்தன என்பதை விட, அங்கத்தவரின் கண்காணிப்பு இல்லாத பொதுச் சொத்தாக இருந்தமையினால் வீழ்ந்தன என்பதே பொருத்தமானது. மேலும், முதலாளித்துவம் இன்னும் நூறாண்டு நீடிப்பினும் மேற்கூறிய ஆயத்தங்களுள் எதுவும் வீணாகாது. கணக்கறிந்த தொழிலாளியுடன் கம்பனியும் மரியாதையுடனேயே பேசும். ஒதுக்கம் உள்ள சங்கத்தை வங்கியும் மதிக்கும்.

தனியார் கம்பனிகள் 1992 இல் பெற்ற தோட்டங்களில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் இருந்தனர். இன்று அத்தொகை பாதிக்கும் கீழாகக் குறைந்துள்ளது. இளைஞர்கள் கண்டிக்கும் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். குத்தகை முடிவடையும் 2045 இல் எஞ்சியிருப்போர் சொற்பமானவராக இருக்கலாம். அவ்வாண்டில் அரசாங்கம் ஒன்று புதிய சட்டமொன்றைக் கொண்டுவரும். கம்பனிகள் தமது சட்டத்தரணிகளுடன் வரும். வெளிநாட்டு முதலீட்டாளர் தமது திட்ட அறிக்கைகளுடன் வருவர். மலைநாட்டு மக்களின் அமைப்புகள் எதனுடன் வரும் என்பதே வினா. மனுவுடன் மட்டும் வருவோமாயின் 1832, 1884, 1975 ஆகிய ஆண்டுகளின் வரிசையில் மேலும் ஓர் ஆண்டு சேரும். இன்று 15 வயதாயுள்ள ஒரு மாணவிக்கு அன்று 35 வயதை அண்மித்திருக்கும். ஒரு சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை வாசிக்க அவருக்கு இன்றே கற்பிக்கலாம்.